அண்ணன் ஆடும் அணியில் தம்பியையும் எடுக்கலாமா?

பொங்கல் ஹாக்கி டோர்னமெண்ட் நெருங்க நெருங்க எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே கேள்விதான். தேவகோட்டையிலிருந்து ஒரு கிளப் செயலாளர், பள்ளத்தூரிலிருந்து ஒரு கேப்டன், போன வாரம் கானாடுகாத்தான் பக்கமிருந்து ஒரு பி.டி. சார். "நம்ம சென்டர் ஹாஃபோட தம்பி ஆடுறான் சார். பையன் பரவாயில்ல. எடுத்துக்கலாமா?" ஒருவருக்குத் தம்பி, ஒருவருக்கு மச்சான், இன்னொருவருக்கு அண்ணன் மகன். உறவுதான் மாறுகிறது, சிக்கல் ஒன்றுதான். எடுத்தால் மற்றப் பையன்களின் முகம் வாடும். எடுக்காவிட்டால் அணியைத் தாங்குகிற ஆட்டக்காரர் மனம் கோணிப் போவார்.

2025 கடைசியில் ஜூனியர் உலகக் கோப்பை மதுரையிலும் சென்னையிலும் நடந்ததிலிருந்து இந்தக் கேள்வி இன்னும் கூடியிருக்கிறது. காரைக்குடியிலிருந்து மதுரை இரண்டு மணி நேரப் பஸ் பயணம்தான். எங்கள் பையன்கள் போய்ப் பார்த்தார்கள், வீட்டிலிருக்கும் தம்பிகளையும் கூட்டிப் போனார்கள். அடுத்த வாரமே மைதானத்தில் புதிதாக ஏழெட்டுப் பேர் ஸ்டிக்கோடு நின்றார்கள். முக்கால்வாசிப் பேர் ஏற்கெனவே ஆடுகிறவர்களின் தம்பிகள். மனசுக்கு நிறைவாக இருந்தது. ஆனால் லெவனில் பதினோரு இடம்தானே இருக்கிறது.

காரைக்குடியில் ஒரு சின்ன கிளப்பைப் பதினான்கு வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். சொந்தக்காரப் பையன்களை எடுத்தும் இருக்கிறேன், மறுத்தும் இருக்கிறேன். ஒரு தடவை தப்பாக எடுத்தேன். அந்தக் கதையையும் கீழே சொல்கிறேன், ஏனென்றால் நான் இப்போது வைத்திருக்கும் அளவுகோலில் பாதி அதிலிருந்து வந்ததுதான்.

## ஆளைப் பார்க்கும் முன் பார்க்க வேண்டியவை

பையன் வந்து முன்னால் நின்ற பிறகு அளவுகோலைத் தேடினால், பையனுக்குத் தகுந்தபடி அளவுகோல் வளைந்துவிடும். அதனால் இந்தக் கேள்விகளை முதலிலேயே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்வி, எந்த இடம் காலியாக இருக்கிறது? "நல்ல பையன்" என்பது பதில் ஆகாது. லெஃப்ட் விங் காலியா, கீப்பருக்கு மாற்று ஆள் வேண்டுமா, பெனால்டி கார்னரில் முதல் ஆளாக ஓடி மறிக்கிறவர் வேண்டுமா என்று இடத்தின் பெயரைச் சொல்லவேண்டும். இதிலேயே இன்னொன்றையும் பாருங்கள்: அண்ணன் ஆடும் அதே இடத்துக்குத் தம்பி வருகிறானா, பக்கத்து இடத்துக்கு வருகிறானா? இது சின்ன விஷயமாகத் தெரியும். நான் பார்த்தவரை பாதி முடிவு இதில்தான் இருக்கிறது.

இரண்டாவது, அண்ணன் நாளைக்கே வேலை கிடைத்துக் கோயம்புத்தூர் போய்விட்டால், இந்தப் பையனை நாம் வைத்துக்கொள்வோமா? "ஆமாம்" என்று உடனே வாயில் வந்தால் எடுக்கலாம். யோசித்து யோசித்து வந்தால், நாம் தம்பியை எடுக்கவில்லை, அண்ணனுக்கு இன்னொரு பெயர் வைத்து எடுக்கிறோம்.

மூன்றாவது, இவன் உள்ளே வந்தால் வெளியே போவது யார்? அவன் பெயரையும் தாளில் எழுதுங்கள். எழுதும்போது கை தயங்கினால் அந்தத் தயக்கத்தை மதியுங்கள்.

செலவு, பேட்டா, வண்டிச் செலவு எல்லாம் அதற்கப்புறம். கடைசியாக ஒன்று: முடிவு எடுக்கும்போது அறையில் யார் இருக்கிறார்கள்? அண்ணன் கேப்டனாக இருந்து, அவரே தேர்வுக் குழுவிலும் உட்கார்ந்திருந்தால், மேலே எழுதிய எல்லாக் கேள்விகளும் வீண்.

## 11ஆம் நம்பர் ஜெர்ஸி

எங்கள் லெஃப்ட் விங்கில் ஒரு பையன் இருந்தான். அப்பாவுக்கு ஆத்தங்குடிக் கல் பட்டறையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பையனும் அப்பாவுக்கு உதவியாகப் போவான். மாலை மைதானத்துக்கு வரும்போது விரல் நகங்களின் ஓரத்தில் சிவப்புச் சாயம் ஒட்டியிருக்கும், ஸ்டிக் பிடியிலும் அந்தச் சிவப்பு ஏறியிருக்கும். ஓட்டம் நன்றாக இருக்கும், பந்தை நிறுத்துவதில் கொஞ்சம் அவசரம். ஆறு மாதம் கொடுத்திருந்தால் சரியாகியிருப்பான்.

அந்தச் சமயம் எங்கள் சிறந்த ஃபார்வர்ட் தன் தம்பியைக் கூட்டி வந்தார். "அண்ணே, எனக்கும் அவனுக்கும் வீட்டு வாசல்லயே பழக்கம். நான் எங்க நிக்கறேன்னு பாக்காமலே குடுப்பான்" என்றார். இரண்டு நாள் பயிற்சியில் அப்படித்தான் தெரிந்தது. பொங்கல் போட்டிக்குத் தம்பியை லெஃப்ட் விங்கில் போட்டேன். பழைய பையன் பெஞ்சுக்குப் போனான்.

போட்டி முடிந்த மூன்றாவது நாள் அவன் 11ஆம் நம்பர் ஜெர்ஸியைத் துவைத்து, இஸ்திரி போட்டு, நான்காக மடித்துக் கொண்டுவந்தான். அதன் மேல் ஷின் கார்டை வைத்து பெஞ்சில் வைத்துவிட்டு, "அடுத்த மாசம் பரீட்சை இருக்கு சார்" என்றான். பரீட்சை முடிந்த பிறகும் வரவில்லை. எட்டு மாதம் கழித்து அந்த ஃபார்வர்டுக்கு வெளியூரில் வேலை கிடைத்தது. அவர் போன மாதமே தம்பியும் நின்றுவிட்டான். எனக்கு மூன்று பேர் போனார்கள். அந்தப் பையனை இப்போதும் சந்தைப்பேட்டைப் பக்கம் பார்ப்பேன். "நல்லா இருக்கீங்களா சார்" என்று கேட்பான். நான் அவனிடம் ஹாக்கியைப் பற்றிப் பேச்செடுப்பதில்லை.

## வழி ஒன்று: நேராக லெவனில் எடுப்பது

இந்த வழிக்கு ஹாக்கியில் இருக்கும் சாட்சி மிகப் பெரியது. 1932 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் இந்தியா அமெரிக்காவை 24-1 என்று வென்றது. ரூப் சிங் 10 கோல், அண்ணன் தியான் சந்த் 8 கோல். அந்த ஒலிம்பிக்கில் இந்தியா போட்ட 35 கோல்களில் 25 இந்த இரண்டு பேருடையவை. 1936இல் பெர்லினிலும் இருவரும் சேர்ந்து தங்கம் வாங்கினார்கள். அண்ணன் தம்பி ஒன்றாக ஆடினால் என்ன நடக்கும் என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வார்கள்.

ஆனால் இந்தக் கதையில் பலர் கவனிக்காத ஒரு பகுதி இருக்கிறது. 1932 அணித் தேர்வுக்காக மாகாணங்களுக்கு இடையே போட்டி நடந்தது. அதில் ஆட ராணுவம் தியான் சந்துக்கு விடுப்புக் கொடுக்கவில்லை. ஹாக்கி சம்மேளனம் அவரைத் தேர்வுப் போட்டி இல்லாமலே எடுத்துக்கொண்டது. மற்றவர்கள் அந்தப் போட்டியில் ஆடிக் காட்டித்தான் இடம் பிடித்தார்கள். ரூப் சிங்கும் அந்த மற்றவர்களில் ஒருவர். விலக்கு அண்ணனுக்குத்தான் கிடைத்தது, அதுவும் அவருடைய பழைய ஆட்டத்துக்காக. தம்பி ஆடிக் காட்டி வந்தார். அப்புறம் இன்னொன்று: தியான் சந்த் சென்டர் ஃபார்வர்ட், ரூப் சிங் இன்சைட் லெஃப்ட். பக்கத்துப் பக்கத்து இடம், ஒரே இடம் இல்லை.

பனி ஹாக்கியிலும் இதையே பார்க்கலாம். அது வேறு ஆட்டம், ஸ்கேட் கட்டிக்கொண்டு ஆடுவது, ஆனால் அணி சேர்க்கும் சங்கடம் ஒன்றுதான். 1999இல் வேன்கூவர் கனக்ஸ் அணியின் மேலாளர் பிரையன் பர்க், மற்ற அணிகளோடு அடுத்தடுத்துப் பேரம் பேசி, புது ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாக எடுக்கும் அந்த வருடத் தேர்வில் இரண்டாவது, மூன்றாவது இடங்களைத் தன் கைக்குக் கொண்டுவந்தார். சுவீடனின் இரட்டையர்களான டேனியல் செடினையும் ஹென்ரிக் செடினையும் ஒன்றாக எடுக்க வேண்டும் என்பதற்காகத்தான் அத்தனையும். முதல் சில வருடம் இருவரும் சுமார்தான், விமர்சனமும் இருந்தது. பிறகு 2010இல் ஹென்ரிக்கும் 2011இல் டேனியலும் வட அமெரிக்காவின் பெரிய பனி ஹாக்கி லீகான என்.எச்.எல்.லில் அதிகப் புள்ளி எடுத்தவர்கள் ஆனார்கள். 2018இல் ஓய்வு பெறும்வரை இருவரும் அதே அணிதான். ஹென்ரிக் சென்டர், டேனியல் லெஃப்ட் விங். இங்கேயும் பக்கத்துப் பக்கத்து இடம்.

எங்கள் கிளப்பில் சரியாக அமைந்த ஜோடியும் அப்படித்தான். அண்ணன் ஃபுல் பேக், தம்பி கோல் கீப்பர். எங்கள் மைதானம் செம்மண். மதியம் தண்ணீர் தெளித்தாலும் நாலு மணிக்கு மேல் புழுதி கிளம்பிவிடும். கீப்பர் கத்துவது எதிர்க்காற்றில் பாதிதான் கேட்கும். இந்தத் தம்பி கத்தவே மாட்டான். ஸ்டிக்கால் கோல் கம்பத்தை ஒரு தட்டு தட்டினால் அண்ணன் இடப் பக்கம் நகர்வார், இரண்டு தட்டினால் வலப் பக்கம். அவர்கள் வீட்டு மாட்டுக் கொட்டகையில் சின்ன வயதில் விளையாடியபோது வந்த பழக்கமாம். இதைப் பணம் கொடுத்து எந்தப் பயிற்சியிலும் வாங்க முடியாது.

மறைந்திருக்கும் செலவுகள் வேறு. நம் பக்கத்தில் ஒரு வீட்டில் விசேஷம் என்றால் அந்த வீட்டு ஆண்கள் எல்லோரும் வேண்டும். குலசாமி கும்பிடு, படைப்பு, அறுபதாம் கல்யாணம், பங்காளி வீட்டுத் துக்கம் எதுவானாலும் ஒரே நாளில் உங்களுக்கு இரண்டு ஆள் இல்லை. எனக்கு ஒரு அரையிறுதியில் ஃபுல் பேக்கும் கீப்பரும் சேர்ந்து இல்லாமல் போனார்கள், காரணம் அவர்கள் அத்தை மகளின் கல்யாணம். தப்புச் சொல்ல முடியாது. ஆனால் மாற்றுக் கீப்பரை நான் தயார் செய்யாமல் விட்டது என் தப்பு. அண்ணன் தம்பியை எடுத்தால் இரண்டு இடத்துக்கும் வேறு வேறு வீட்டு மாற்று ஆள் வேண்டும். அந்தச் செலவையும் முதல் நாளே கணக்கில் சேருங்கள்.

இன்னொன்று, திட்டுவது. தம்பியைக் கோச் திட்டினால் அண்ணன் முகம் மாறும். அண்ணனைத் திட்டினால் தம்பி தலையைக் குனிந்துகொள்வான். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பேச்சாகப் பேசாமல், தனித்தனியே கூப்பிட்டுச் சொல்லும் பொறுமை கோச்சுக்கு இருக்க வேண்டும். வீட்டுச் சண்டை மைதானத்துக்கு வந்தால் பாஸ் வராது. அது பார்க்கிறவர்களுக்கே தெரிந்துவிடும்.

எப்போது இந்த வழி நல்லது: பக்கத்து இடம் காலியாக இருக்கிறது, தம்பி பொதுத் தேர்வில் மற்றவர்களோடு நின்று அந்த இடத்தைப் பிடித்திருக்கிறான், இரண்டாம் கேள்விக்கு உடனே "ஆமாம்" வருகிறது. மூன்றும் இருந்தால் தயங்க வேண்டாம்.

## வழி இரண்டு: ஒரு சீசன் பயிற்சி அணியில் வைப்பது

எனக்குப் பிடித்த வழி இது. ரங்கூன், பினாங்கு, சைகோன் என்று நம் ஊர்க்காரர்கள் கடை வைத்த காலத்தில், சொந்தக்காரப் பையன் என்றாலும் போன உடனே மேலாள் ஆகிவிட முடியாது. பெட்டியடிப் பையனாக உட்கார்ந்து, ஐந்தொகை என்ற வரவு செலவுக் கணக்குப் பார்க்கக் கற்று, அடுத்தாள் ஆகி, அதற்கப்புறம்தான் மேலாள். கடைக்குப் போகிறவருக்கு மூன்று வருடக் கணக்கு. காலக்கெடு முதலிலேயே பேசியிருப்பார்கள். உறவு ஒரு பக்கம், கணக்கு ஒரு பக்கம். எங்கள் தெருவில் பெரியவர்கள் இதைச் சொல்லிக் கேட்டுத்தான் நானும் வளர்ந்தேன்.

ஹாக்கியில் இதைச் செய்வது சுலபம். நான்கு குவார்ட்டர், ஒவ்வொன்றும் பதினைந்து நிமிடம், ஆளை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். அதனால் பயிற்சியில் இருக்கும் பையனுக்கு லீக் ஆட்டங்களில் ஐந்து ஐந்து நிமிடமாகக் கொடுத்துப் பார்க்கலாம். இரண்டாவது குவார்ட்டரில் ஒரு முறை, கடைசிக் குவார்ட்டரில் ஒரு முறை. ஒன்றைக் கட்டாயம் செய்யுங்கள்: அந்த ஐந்து நிமிடத்தில் பாதியை அண்ணன் பெஞ்சில் இருக்கும்போது கொடுங்கள். அப்போதுதான் பையன் யாரைப் பார்த்து ஆடுகிறான் என்று தெரியும். ஒரு பையன் அண்ணன் வெளியே போன அடுத்த நிமிடமே பந்தைக் கேட்டு வாங்க ஆரம்பித்தான். அதுவரை அண்ணனுக்கு இடம் விட்டு ஒதுங்கி ஒதுங்கி நின்றிருக்கிறான். அது எனக்கு அன்றுதான் புரிந்தது.

இந்த வழியின் விலை காத்திருப்பு. தேதி சொல்லாமல் "பாக்கலாம் தம்பி, பாக்கலாம்" என்று இழுத்தால் பையன் இங்கேயும் இல்லை அங்கேயும் இல்லை. வீட்டில் அம்மா அண்ணனைக் கேட்பார், அண்ணன் உங்களைக் கேட்பார். அதனால் முதல் நாளே நாள் குறித்துச் சொல்லிவிடுங்கள்: பங்குனி முடிவில் முடிவு சொல்கிறேன் என்று. ஸ்டிக், ஷூ, பஸ் காசு அந்த மாதங்களுக்கு யார் தருவது என்பதையும் சொல்லிவிடுங்கள். சாதாரண ஸ்டிக்கே இரண்டாயிரம், மூவாயிரம் ஆகிறது. அண்ணனின் பழைய ஸ்டிக்கைக் கொடுத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். போன வருடம் ஒரு பையன் தன்னைவிட ஒரு சாண் உயரமான அண்ணனின் ஸ்டிக்கைத்தான் கொண்டுவந்தான். பந்தை நிறுத்தும்போது பிடியின் நுனி வயிற்றில் இடிக்கும். அவன் ஆட்டம் மோசம் என்று எழுதி வைத்திருந்தேன். அளவான ஸ்டிக் கொடுத்ததும் வேறு பையனாகத் தெரிந்தான்.

பையனுக்குப் பதினாறு, பதினேழு வயது, ஆட்டம் இருக்கிறது ஆனால் உடம்பு இன்னும் வரவில்லை, அவன் இடத்தில் இப்போது ஆடுகிறவனும் மோசமில்லை என்றால் இந்த வழிதான்.

## வழி மூன்று: மறுத்துவிட்டு வெளியாளை எடுப்பது

"சொந்தமே வேண்டாம், வம்பே வேண்டாம்" என்று சில கிளப்புகள் சட்டமாகவே வைத்திருக்கின்றன. நான் அப்படிச் சட்டம் போட மாட்டேன். ஹாக்கி பல வீடுகளில் பரம்பரையாக வருகிறது. ஜெர்மனியின் கெல்லர் குடும்பத்தைப் பாருங்கள். தாத்தா எர்வின் கெல்லர் 1936 ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் தியான் சந்தின் அணியிடம் 8-1 என்று தோற்று வெள்ளி வாங்கியவர். மகன் கார்ஸ்டன் 1972இல் தங்கம். பேரப் பிள்ளைகள் ஆண்ட்ரியாஸ் 1992இல், நடாஷா 2004இல், ஃப்ளோரியன் 2008இல் தங்கம். குடும்பம் என்பதற்காகவே கதவைச் சாத்தினால் இப்படிப்பட்டவர்களைத்தான் வெளியே நிறுத்துவோம்.

அதே நேரம் பெயர் ரத்தத்தில் இறங்காது என்பதும் உண்மை. பனி ஹாக்கியில் வேய்ன் கிரெட்ஸ்கியை மிஞ்ச ஆள் இல்லை. அவர் தம்பி பிரெண்ட் டாம்பா பே அணிக்காக ஆடியது 13 ஆட்டம், ஒரு கோல்.

அண்ணனின் அணிக்கு வெளியே போவது தம்பிக்கே நல்லதாக முடிந்த கதைகளும் உண்டு. புனே பக்கம் கட்கியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த தன்ராஜ் பிள்ளை, அண்ணன் ரமேஷைத் தேடி மும்பைக்குப் போனார். ரமேஷ் அப்போது ஆர்.சி.எஃப். என்ற உரக் கம்பெனி அணியின் ஆட்டக்காரர். வழி காட்டியது அண்ணன்தான். ஆனால் தன்ராஜ் பெயர் வாங்கியது மகிந்திரா அணியில். அப்புறம் நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கோப்பை. அண்ணனின் கண் பார்வையில் இருந்தும், அண்ணனின் அணிக்கு வெளியே வளர்ந்தவர். நீங்கள் மறுக்கும்போது பையனை வெறுங்கையோடு அனுப்பாமல், பக்கத்து ஊர் கிளப்புக்கு ஒரு போன் போட்டு "இவனைப் பாருங்கள்" என்று சொல்லுங்கள். அண்ணனின் மனக்கசப்பு பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

வெளியாளின் செலவும் சும்மா இல்லை. கோவில்பட்டியிலிருந்தோ மதுரையிலிருந்தோ கெஸ்ட் பிளேயர் கூப்பிட்டால் பஸ் காசு, பேட்டா, தங்க இடம், சாப்பாடு எல்லாம் வேண்டும். செயற்கைப் புல்லான டர்ஃபில் ஆடிப் பழகியவர் நம் செம்மண்ணில் முதல் இரண்டு ஆட்டம் திணறுவார். போட்டி முடிந்த மறுநாள் ஊருக்குப் போய்விடுவார். உங்கள் ஊர்ப் பையன் ஒருவனும் அதனால் வளர மாட்டான். உள்ளூரிலேயே பொதுத் தேர்வு வைத்து, அண்ணன் இல்லாத ஒரு பையனைக் கண்டுபிடிப்பதுதான் இந்த வழியின் நல்ல வடிவம். அப்படி ஒருவன் எப்போதும் இருக்கிறான். கோட்டுக்கு வெளியே நின்று பந்து எடுத்துப் போடுகிறவர்களில் தேடுங்கள்.

## வழி நான்கு: அண்ணனை நிறுத்தி வைக்கத் தம்பியை எடுப்பது

இதை யாரும் வெளியே சொல்வதில்லை. ஆனால் எனக்கு வரும் போன்களில் பாதிக்கு அடியில் இதுதான் இருக்கிறது. "தம்பிய எடுக்கலன்னா அவரும் போயிடுவாரு சார்."

பெரிய அணிகளிலும் இதைப் போல ஒன்று நடந்திருக்கிறது. பனி ஹாக்கியில் கேரலைனா ஹரிக்கேன்ஸ் அணிக்கு எரிக் ஸ்டால் கேப்டன். அவர் தம்பி ஜோர்டன் பிட்ஸ்பர்க் அணியில் இருந்தார். 2012 ஜூனில், ஜோர்டனின் கல்யாண நாளன்றே, கேரலைனா அவரை வாங்கியது. அதற்காக ஒரு சென்டர், ஒரு இளம் தடுப்பாட்டக்காரர், புது ஆட்டக்காரர் தேர்வில் முதல் சுற்று இடம் ஒன்று என மூன்றைக் கொடுத்தது. பிறகு ஜோர்டனுக்குப் பத்து வருடம், 6 கோடி டாலர் ஒப்பந்தம். இன்னொரு தம்பி ஜாரெட் ஏற்கெனவே அவர்களின் கீழ்நிலை அணியில் இருந்தார். 2013 ஏப்ரலில் அவருக்கும் இரண்டு ஆட்டம் கிடைத்தது. மூன்று ஸ்டால்கள் ஒரே சீருடையில். படம் எடுக்க அழகான காட்சி.

ஆட்டம் எப்படி? எரிக்கும் ஜோர்டனும் இருவருமே சென்டர். ஒரே இடம். 2016இல் எரிக் வேறு அணிக்குப் போகும்வரை ஒரு சீசன்கூட அந்த அணி கோப்பைக்கான கடைசிக் கட்டமான பிளேஆஃப் போகவில்லை. கொடுத்து அனுப்பிய இளம் தடுப்பாட்டக்காரர் பிரையன் டுமூலின், பிட்ஸ்பர்க்கோடு 2016இலும் 2017இலும் கோப்பை தூக்கினார். இத்தனைக்கும் பிறகு ஜோர்டன் நல்ல ஆட்டக்காரர் என்பது உண்மை. அண்ணன் போன பிறகும் தங்கி, 2019இல் அவரே கேப்டன் ஆனார், அணியும் அவ்வருடம் பிளேஆஃப் போனது. என்னுடைய இரண்டாம் கேள்விக்கு அவர் சரியான பதில். ஆனால் அண்ணனுக்குப் பக்கத்தில் நிறுத்துவதற்காகக் கொடுத்த விலை வேறு கணக்கு.

எதிர்ப்பக்க உதாரணமும் சொல்லிவிடுகிறேன். 1973இல் டபிள்யூ.எச்.ஏ. என்ற இன்னொரு பனி ஹாக்கி லீகில் ஆடிய ஹூஸ்டன் ஏரோஸ், ஓய்வு பெற்றிருந்த கார்டி ஹவ் என்பவரை 45 வயதில் மகன்கள் மார்க், மார்ட்டியோடு ஆட வைத்தது. அடுத்தடுத்து 1974, 1975இல் அந்த லீகின் கோப்பை அவர்களுக்குத்தான். அப்பா ரைட் விங், மார்க் லெஃப்ட் விங், மார்ட்டி தடுப்பாட்டம். மூன்று பேர், மூன்று இடம். மார்க் முதல் சீசனிலேயே அந்த லீகின் சிறந்த புதுமுகம். அப்பா இல்லாவிட்டாலும் ஆட்டக்காரர்தான்.

நம் அளவில் இந்த வழிக்கு நான் இடம் கொடுப்பதில்லை. தம்பியை எடுக்காவிட்டால் போய்விடுவேன் என்கிற ஆட்டக்காரர், தம்பியை எடுத்தாலும் அடுத்த வருடம் வேறொரு காரணம் சொல்வார். அவரைத் தக்கவைக்க வேண்டுமென்றால் அவருக்கே செய்யுங்கள்: பேட்டாவைக் கூட்டுங்கள், வேலை நேரத்துக்கு ஏற்றபடி பயிற்சியை மாற்றுங்கள். தம்பியின் இடத்தை அதற்கு விலையாகக் கொடுக்காதீர்கள். ஹாக்கி இந்தியா லீகில் ஏலம் இருப்பதால் இந்த நெருக்கடி குறைவு. நம் ஊரில் ஏலமா நடக்கிறது, இரவு பத்து மணிக்கு ஒரு போன்தானே.

## நான்கையும் ஒரு பார்வையில்

| கேள்வி | நேராக லெவன் | ஒரு சீசன் பயிற்சி | வெளியாள் | அண்ணனுக்காக |
|---|---|---|---|---|
| உடனடிப் பலன் | அதிகம், இடம் வேறாக இருந்தால் | குறைவு | நடுத்தரம் | அண்ணன் தங்குவார், இப்போதைக்கு |
| மறைந்த செலவு | ஒரே நாளில் இரண்டு ஆள் இல்லாமை | காத்திருப்பு, வீட்டுப் பேச்சு | பஸ், பேட்டா, தங்குமிடம் | மற்றப் பையன்களின் நம்பிக்கை |
| வெளியே போகிறவர் | ஒருவர் உண்டு | உடனே யாரும் இல்லை | அண்ணன் போகலாம் | ஒருவர், காரணம் தெரிந்தே |
| அண்ணன் போய்விட்டால் | பையனைப் பொறுத்தது | முன்பே தெரிந்துவிடும் | பாதிப்பில்லை | இரண்டும் போகும் |
| எப்போது சரி | பக்கத்து இடம் காலி, பொதுத் தேர்வில் பிடித்தவன் | இளம் வயது, இடம் காலியில்லை | அண்ணனின் அதே இடம் | எனக்குத் தெரிந்து இல்லை |

## கானாடுகாத்தான் சாருக்கு

உங்கள் நிலவரத்தை எல்லோருக்கும் தெரியட்டும் என்று சொன்னதால் இங்கேயே எழுதுகிறேன். அண்ணன் சென்டர் ஹாஃப், பெனால்டி கார்னர் அடிப்பவரும் அவரே. தம்பிக்குப் பதினேழு வயது, ரைட் விங். அந்த இடத்தில் இரண்டு வருடமாக ஒரு பையன் ஆடுகிறான், சுமாராக. பொங்கலுக்குக் குறைந்த நாள்தான் இருக்கிறது.

அண்ணனின் இடம் இல்லை, நல்லது. ஆனால் காலியாக இல்லை. அதனால் இந்தப் பொங்கலுக்கு அந்தப் பழைய பையனையே ரைட் விங்கில் இறக்குங்கள். தம்பியைப் பதினாறு பேர் கொண்ட அணியில் ஒருவனாக வையுங்கள், லீக் ஆட்டங்களில் ஐந்து ஐந்து நிமிடம் கொடுங்கள், அண்ணன் வெளியே இருக்கும்போதும் கொடுங்கள். பங்குனியில் இருவரையும் ஒரே நாளில், ஒரே எதிரணிக்கு எதிராக ஆடவிட்டு முடிவெடுங்கள். அந்த நாளில் அண்ணனுக்கு வேறு வேலை கொடுத்து அனுப்பிவிடுங்கள், மைதானத்தின் ஓரத்தில்கூட நிற்க வேண்டாம். முடிவு சொல்பவர்கள் நீங்களும், இரண்டு வீட்டுக்கும் சொந்தமில்லாத இன்னொருவரும்.

அண்ணனிடம் நீங்கள் நேராகப் பேசுங்கள், வேறு யார் மூலமும் வேண்டாம். "உன் தம்பிய உனக்காக எடுக்க மாட்டேன்பா. அவனுக்காக எடுக்கணும்னு பாக்கறேன். பங்குனி வரைக்கும் டைம் குடு" என்று சொல்லுங்கள். நல்ல ஆட்டக்காரர்கள் இதைப் புரிந்துகொள்வார்கள். நான் சொல்லிப் பார்த்த மூன்று பேரில் இரண்டு பேர் புரிந்துகொண்டார்கள்.

ஆனால் அதற்கு முன்னால், இன்று மாலையே, ரைட் விங்கில் ஆடும் அந்தப் பையனைத் தனியாகக் கூப்பிடுங்கள். இப்படி ஒரு பையன் வந்திருக்கிறான், பங்குனியில் இருவருக்கும் தேர்வு இருக்கிறது, அதுவரை ஜெர்ஸி உன்னுடையதுதான் என்று நீங்களே அவனிடம் சொல்லிவிடுங்கள். அவன் அதை மற்றவர்களிடமிருந்து கேட்கக் கூடாது.